கையில் மிஞ்சும் காசை எங்கே வைப்பது?



நம் தோட்டங்களில் சேமிக்கத் தெரியாதவர்கள் என்று யாரும் இல்லை. அரிசி டின்னுக்குள்ளே காசு வைக்கும் அம்மாமார் இருக்கிறார்கள். லயத்துக்கு லயம் சீட்டு ஓடுகிறது. தீபாவளி முற்பணம் வாங்கியதும் முதலில் அடகுக் கடைக்குப் போய் தோடு மீட்கிறவர்களும் இருக்கிறார்கள். இவ்வளவும் செய்தும் இருபது, முப்பது வருட உழைப்புக்குப் பிறகு கையில் ஒன்றுமில்லாமல் நிற்கிற குடும்பங்களைத்தான் நாம் அதிகம் பார்க்கிறோம். சேமித்த காசு எங்கே போனது என்று விசாரித்தால் பெரும்பாலும் வட்டிக்குப் போயிருக்கும், விலைவாசிக்குப் போயிருக்கும், அல்லது யாரோ ஒருவர் கொண்டு போயிருப்பார்.

நம் பிள்ளைகள் நிறையப் பேர் இன்று கொழும்பில் வேலை செய்கிறார்கள். மாளிகாவத்தை, மருதானைப் பக்கம் ஐந்தாறு பேராகச் சேர்ந்து அறை எடுத்துக்கொண்டு புறக்கோட்டைக் கடைகளுக்குப் போய் வருகிறார்கள். இந்த வருடம் நாம் மாளிகாவத்தையில் அவர்களைச் சந்தித்தபோது அதிகம் பேர் கேட்ட கேள்வி சம்பளத்தைப் பற்றியது அல்ல. "ஐயா, மாசம் அஞ்சாயிரம் ஆறாயிரம் மிஞ்சுது. கைல வச்சா செலவாயிடுது. அத என்னா செய்ய?" என்பதுதான். இதே கேள்வி தோட்டத்திலும் இருக்கிறது, தொகைதான் வேறு. ஆகவே இந்த இதழில் முதலீடு என்பதை அடியிலிருந்து, ஒரு படி ஒரு படியாகச் சொல்லிப் பார்க்கிறோம். பிள்ளைகள் வீட்டுக்கு வரும்போது அவர்களையும் உட்கார வைத்து வாசியுங்கள்.

முதலில் கடன்

முதலீட்டைப் பற்றிப் பேச வந்துவிட்டுக் கடனைப் பற்றிப் பேசுவது ஏன் என்று கேட்கலாம். ஒரு கணக்குப் போடுவோம். ஒருவர் 50,000 ரூபா கைமாற்று வாங்கியிருக்கிறார், மாதம் நூற்றுக்கு ஐந்து வட்டி. மாதம் 2,500 ரூபா. வருடத்துக்கு 30,000. அதே ஆள் இன்னொரு பக்கம் 50,000 ரூபாவை வங்கியில் நிலையான வைப்பில் போட்டு வைத்திருக்கிறார், வருடத்துக்கு 8 வீதம் என்று வைப்போம். கிடைப்பது 4,000. ஒரு கையில் நான்காயிரம் வாங்கி மறுகையில் முப்பதாயிரம் கொடுக்கிற இந்தக் கணக்கு நம் தோட்டங்களில் சாதாரணம். "வங்கிக் காசத் தொடக்கூடாது, அது புள்ளைக்கு" என்பார்கள். மனசு நல்ல மனசு, கணக்குத்தான் பிழை. அந்த 50,000த்தை எடுத்துக் கடனை அடைத்தால் வருடம் 26,000 ரூபா மிச்சம். அப்படி ஒரு இலாபத்தை எந்த வங்கியும் உங்களுக்குத் தராது.

"மாதம் நூற்றுக்கு இரண்டு" என்று சொல்லும்போது சின்னதாகக் கேட்கும். பன்னிரண்டால் பெருக்கிப் பாருங்கள், 24 வீதம். வட்டி எதுவானாலும் அதை வருடக் கணக்குக்கு மாற்றிப் பார்ப்பது முதல் பழக்கம். அடகு வட்டியையும், குழுக் கடன் வட்டியையும் இதே மாதிரிக் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கூடிய வட்டிக் கடன் எதுவோ அதுதான் முதலில் அடைபட வேண்டும்.

அடுத்தது மூன்று மாதக் காசு

2020ஆம் ஆண்டு மார்ச் மாதம் கொரோனாவுக்காக ஊரடங்கு போட்டபோது தோட்டங்களில் கொழுந்து பறிக்க அனுமதி இருந்தது. வேலை குறைந்தாலும் அடியோடு நிற்கவில்லை. கொழும்பில் நாட்கூலிக்கு இருந்தவர்களுக்கு அப்படியில்லை. கடை பூட்டிய அன்றே வருமானமும் நின்றது. இரண்டு மாதம் அப்படியே போனது. மே 21ஆம் திகதி, நோன்பு முடியப்போகும் நேரத்தில், மாளிகாவத்தையில் ஒரு வர்த்தகர் ஏழைகளுக்குப் பணம் பகிர்ந்த இடத்தில் கூட்டம் நெரிந்து மூன்று பெண்கள் உயிரிழந்தார்கள். பலர் காயப்பட்டார்கள். அந்த வரிசையில் நின்றவர்கள் சோம்பேறிகள் அல்ல. நேற்று வரை உழைத்துச் சாப்பிட்டவர்கள். கையிருப்பு இல்லை, அவ்வளவுதான்.

அதற்கு அடுத்த நாள், மே 22, மத்திய வங்கி தி பினான்ஸ் கம்பனி என்ற நிதி நிறுவனத்தின் அனுமதிப்பத்திரத்தை இரத்துச் செய்தது. 1940இல் தொடங்கிய, நாடு முழுதும் தெரிந்த பெயர். அதில் காசு போட்டிருந்தவர்களுக்கு வைப்புக் காப்புறுதியின் கீழ் ஆகக்கூடியது 6 இலட்சம் ரூபாதான் என்று அறிவிக்கப்பட்டது. அதற்கு மேல் வைத்திருந்தவர்கள் நிறுவனத்தின் சொத்துக்களை விற்று வருவதற்காகக் காத்திருக்க வேண்டி வந்தது. ஓய்வூதியக் காசையும் பிள்ளையின் கல்யாணக் காசையும் போட்டிருந்தவர்கள் அவர்களுக்குள் இருந்தார்கள்.

இந்த இரண்டு சம்பவங்களும் நம் நினைவில் ஒன்றாகவே நிற்கின்றன. சேமிக்க வழியே இல்லாமல் போனவர்கள் ஒரு பக்கம், சேமித்ததை எல்லாம் ஒரே இடத்தில் வைத்தவர்கள் மறுபக்கம்.

ஆகவே கடன் குறைந்ததும் செய்ய வேண்டியது, மூன்று மாத வீட்டுச் செலவு அளவுக்குக் காசைச் சேர்த்து, நினைத்த நேரம் எடுக்கக்கூடிய சாதாரண சேமிப்புக் கணக்கில் வைப்பது. இதற்கு வட்டி கொஞ்சம்தான் வரும். பரவாயில்லை. இந்தக் காசு வட்டிக்காக அல்ல, வட்டிக்காரனிடம் போகாமல் இருப்பதற்காக. மூன்று மாதம் என்றதும் மலைக்க வேண்டாம். ஒரு மாதத்துக்குச் சேர்ந்தாலே பாதி நிம்மதி.

கணக்குத் திறக்கப் பட்டணம் வரை போக வேண்டியதில்லை. தேசிய சேமிப்பு வங்கியின் கணக்கைத் தபாற்கந்தோரிலும் நடத்தலாம். அந்த வங்கி 1971ஆம் ஆண்டு 30ஆம் இலக்கச் சட்டத்தால் ஏற்படுத்தப்பட்டது. பழைய தபாற்கந்தோர் சேமிப்பு வங்கியும் அதோடு சேர்ந்ததுதான். அதில் வைக்கும் காசுக்கும் வட்டிக்கும் அரசாங்கம் முழுப் பொறுப்பு என்று சட்டத்திலேயே இருக்கிறது. இன்னொன்றையும் சொல்லி விடுகிறோம். கணக்கு யார் பெயரில் என்பது முக்கியம். கொழுந்து எடுக்கிறது அம்மா, புத்தகம் அப்பாவின் பெயரில் என்ற வழக்கத்தை நாம் இன்னும் பார்க்கிறோம். அது நல்லதல்ல. உழைக்கிறவர் பெயரிலேயே ஒரு கணக்கு இருக்கட்டும்.

ஏற்கனவே உங்களுக்கு இருக்கும் முதலீடு

"எங்களுக்கு ஏதுங்க முதலீடு?" என்பவர்களிடம் நாம் கேட்பது ஒன்றுதான்: உங்கள் சேமலாப நிதியில் எவ்வளவு இருக்கிறது? பத்துப் பேரைக் கேட்டால் எட்டுப் பேருக்குத் தெரியாது. நாட்டிலேயே ஆகப் பெரிய முதலீட்டு நிதி அதுதான். அதில் நீங்கள் பங்காளி.

ஊழியர் சேமலாப நிதி 1958ஆம் ஆண்டு 15ஆம் இலக்கச் சட்டத்தால் வந்தது. உங்கள் சம்பளத்தில் 8 வீதம் வெட்டுகிறார்கள், அதற்கு மேல் தொழில் கொள்வோர் தன் பக்கத்தில் 12 வீதம் போட வேண்டும். 1980ஆம் ஆண்டுச் சட்டப்படி ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு இன்னும் 3 வீதம், அது முழுக்கத் தொழில் கொள்வோருடையது. கணக்குக்காக, 2024 செப்டம்பரில் நிர்ணயித்த அடிப்படை நாட்சம்பளமான 1,350 ரூபாவை எடுப்போம். மாதம் இருபது பேர் என்றால் 27,000. அதில் உங்கள் பங்கு 2,160, அவர்கள் பங்கு 3,240, மொத்தம் மாதம் 5,400 ரூபா. நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு 810.

மாதம் 5,400 என்றால் வருடம் 64,800. வருட வட்டி 9 வீதம் என்று வைத்துக்கொண்டு நாம் உட்கார்ந்து கணக்குப் பார்த்தோம். பத்து வருடம் முடியும்போது ஏறக்குறைய 9 இலட்சத்து 84 ஆயிரம். இருபது வருடம் முடியும்போது எவ்வளவு வரும் என்று கேட்டால் எல்லாரும் இரட்டிப்பாக்கி இருபது இலட்சம் என்பார்கள். அது 33 இலட்சத்தைத் தாண்டுகிறது. இருபது வருடத்தில் போட்டது 12 இலட்சத்து 96 ஆயிரம், மீதி இருபது இலட்சமும் வட்டி. வட்டிக்கு வட்டி ஏறுவதன் சக்தி பிந்திய வருடங்களில்தான் தெரியும். கடன்காரன் பக்கம் நின்று இந்த வட்டி நம்மை எப்படி அரிக்கிறது என்று நமக்கு நன்றாகத் தெரியும். இங்கே அதே வட்டி நம் பக்கம் நின்று வேலை செய்கிறது.

அதனால்தான் இடையில் எடுக்காதீர்கள் என்று சொல்கிறோம். ஆண்களுக்கு 55, பெண்களுக்கு 50 வயதில் எடுக்கலாம். கல்யாணத்துக்காக வேலையை விடும் பெண்களும் எடுக்கலாம் என்று சட்டம் இடம் தருகிறது. உரிமை இருக்கிறது என்பதற்காக எடுத்தே ஆக வேண்டும் என்றில்லை. பத்து வருடக் காசை எடுத்து ஒரு நாள் பந்தலிலும் வீடியோவிலும் முடித்துவிட்டு, மறுபடி வேலைக்குச் சேர்ந்து ஒன்றிலிருந்து தொடங்கிய எத்தனையோ மகள்மாரைத் தெரியும். வீடு கட்டவோ வைத்தியத்துக்கோ உண்மையாகத் தேவைப்பட்டால், பத்து வருடத்துக்குக் குறையாத அங்கத்துவமும் கணக்கில் குறைந்தது மூன்று இலட்சமும் உள்ளவர்கள் 30 வீதம் வரை முன்கூட்டி எடுக்க ஏற்பாடு இருக்கிறது. மீதி அங்கேயே வளரும்.

கொழும்புக்குப் போகும் பிள்ளைகள் கவனிக்க வேண்டியது இரண்டு. தோட்டத்தில் சேர்ந்த பழைய கணக்கு அழிவதில்லை, அதன் இலக்கத்தை எழுதி வைத்துக்கொண்டு போங்கள். புதிய கடையிலும் உங்களுக்குச் சேமலாப நிதி கட்ட வேண்டும், ஒரே ஒரு ஆள் வேலை செய்கிற கடையானாலும் சரி. "இங்க அதெல்லாம் இல்ல, கையில கூடத் தாரேன்" என்று முதலாளி சொன்னால் அது உங்கள் 12 வீதத்தையும் 3 வீதத்தையும் அவர் வைத்துக்கொள்வது. தொழில் திணைக்களக் காரியாலயத்தில் முறைப்பாடு கொடுக்கலாம். பிந்திக் கட்டினால் 5 முதல் 50 வீதம் வரை மேலதிகக் கட்டணம் விழும் என்பது முதலாளிமாருக்கும் தெரியும்.

பெயர் விடயத்தில் நம்மவர்கள் படும் பாடு சொல்லி முடியாது. செக்ரோலில் ஒரு பெயர், அடையாள அட்டையில் ஒரு பெயர், பிறப்புச் சான்றிதழில் இன்னொன்று. ஓய்வு பெறும் வயதில் இதைத் திருத்த அலைகிறார்கள். சத்தியக்கடதாசி முடிக்கவே மாதக் கணக்கு. இப்போதே பீ கார்டை எடுத்துப் பாருங்கள். எழுத்து ஒன்று மாறியிருந்தாலும் இன்றைக்கே திருத்தக் கொடுங்கள். பின்னுரித்தாளர் பெயரையும் பாருங்கள். இறந்து போன அம்மாவின் பெயர் இன்னும் அதில் இருக்கலாம்.

பணிக்கொடையும் இருக்கிறது. 1983ஆம் ஆண்டு 12ஆம் இலக்கச் சட்டப்படி, ஐந்து வருடம் முடித்த நாட்சம்பளத் தொழிலாளிக்கு ஒவ்வொரு வருடத்துக்கும் 14 நாட் சம்பளம். அதே 1,350 கணக்கில் இருபது வருடத்துக்கு 3 இலட்சத்து 78 ஆயிரம். இந்தக் காசு கையில் வரும் மாதத்தில்தான் புதிது புதிதாய் உறவினர்களும் வியாபார யோசனைகளும் வரும். வந்த காசை ஆறு மாதம் வைப்பில் போட்டுவிட்டுப் பிறகு யோசியுங்கள் என்பது நாம் எல்லாருக்கும் சொல்வது.

விலைவாசி என்ற எலி

வங்கியில் வைத்த காசு குறையாது என்று நினைக்கிறோம். எண்ணிக்கை குறையாது, பெறுமதி குறையும். 2022 செப்டம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி பணவீக்கம் 69.8 வீதம். அதாவது ஒரு வருடத்துக்கு முன் 100 ரூபாவுக்கு வாங்கிய சாமானுக்கு ஏறக்குறைய 170 ரூபா. 2021 செப்டம்பரில் ஒரு இலட்சத்தை 7 வீதத்துக்கு வைப்பில் போட்டவர் மறுவருடம் 1,07,000 வாங்கினார். அதைக் கொண்டு கடைக்குப் போனால் பழைய விலையில் 63,000 ரூபாவுக்கு உரிய சாமான்தான். யாரும் திருடவில்லை, எலி கரண்டிய மாதிரிக் காசு போய்விட்டது. அப்படி ஒரு வருடம் எப்போதும் வருவதில்லை. 2024 செப்டம்பரில் அதே பணவீக்கம் பூச்சியத்துக்கும் கீழே போனது. ஆனாலும் வட்டி வீதத்தைக் கேட்கும்போதே விலைவாசி எத்தனை வீதம் ஏறுகிறது என்றும் கேட்க வேண்டும். வட்டியிலிருந்து அதைக் கழித்து வருவதுதான் உண்மையான வரவு.

நிலையான வைப்பில் ஒரு சின்ன வழி இருக்கிறது. ஒரு இலட்சம் இருந்தால் ஒரே துண்டாகப் போடாமல் 25,000 வீதம் நான்காக, மூன்று மாத இடைவெளியில் முடிகிற மாதிரிப் போடுங்கள். அவசரத்துக்கு ஒன்றை உடைத்தால் மற்ற மூன்றின் வட்டி கெடாது. வட்டி வீதம் கூடினாலும் குறைந்தாலும் முழுக்க மாட்டிக்கொள்ளவும் மாட்டீர்கள். 2025 ஏப்ரல் முதல் வட்டியில் 10 வீதம் வரி பிடிக்கிறார்கள். வருட வருமானம் 18 இலட்சத்துக்கு மேற்படாதவர்கள் வங்கியில் அதற்குரிய வெளிப்படுத்தல் படிவத்தைக் கொடுத்தால் பிடிக்க மாட்டார்கள். நம் குடும்பங்களில் அநேகமாக எல்லாரும் அதற்குள் அடங்குவீர்கள். கேட்டு வாங்கி நிரப்புங்கள்.

அனுமதி பெற்ற வங்கிகளிலும் நிதிக் கம்பனிகளிலும் வைக்கும் காசுக்கு வைப்புக் காப்புறுதி 2021 முதல் ஒரு ஆளுக்கு ஒரு நிறுவனத்தில் 11 இலட்சம் வரை. "அனுமதி பெற்ற" என்ற சொல்லைக் கவனியுங்கள். 2008 டிசம்பரில் விழுந்த கோல்டன் கீ என்பது கடனட்டைக் கம்பனி. வைப்பு ஏற்க மத்திய வங்கியின் அனுமதி அதற்கு இருக்கவில்லை. கூடிய வட்டிக்கு ஆசைப்பட்டுப் போட்டவர்களில் படித்தவர்களும் பெரிய உத்தியோகத்தர்களும் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். ஏமாறுவதற்குப் படிப்பு இல்லாமல் இருக்க வேண்டும் என்றில்லை.

சீட்டும் நகையும்

சீட்டை நாம் எதிர்க்கவில்லை. மாளிகாவத்தை அறைகளிலும் சீட்டு ஓடுகிறது, லயத்திலும் ஓடுகிறது. இருபது பேர், ஆளுக்கு 5,000, குலுக்கலில் ஒருவருக்கு ஒரு இலட்சம். முதல் மாதம் எடுப்பவருக்கு அது வட்டியில்லாக் கடன். இருபதாம் மாதம் எடுப்பவர் மற்ற பத்தொன்பது பேருக்கும் வட்டியில்லாமல் கடன் கொடுத்தவர். அவசரத் தேவை இல்லாதவர் சீட்டில் சேர்ந்தால் அவருக்குக் கிடைப்பது பழக்கம் மட்டும்தான். அந்தப் பழக்கமும் பெரிய விசயம் என்பதை ஒத்துக்கொள்கிறோம். ஆனால் பிடிக்கிறவர் ஓடினால் காசும் ஓடும். 1935லேயே இந்த நாட்டில் சீட்டுக்கென்று ஒரு கட்டளைச் சட்டம் போட்டார்கள் என்றால் அந்தக் காலத்திலும் ஓடியிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

நகை வாங்கும்போது செய்கூலியும் சேதாரமும் கொடுக்கிறோம், விற்கும்போது அது திரும்பி வராது. போட்டுக்கொள்ள வாங்குங்கள், சந்தோசம். அவசரத்துக்கு அடகு வைக்கவும் உதவும். முதலீடு என்ற பெயரில் கடன்பட்டு வாங்க வேண்டாம்.

கைத்தொலைபேசியில் வரும் பணக்கார வழி

கொழும்பில் இருக்கும் ஒரு பிள்ளை, தோட்டத்துத் தம்பி, அடுத்த கடைக்காரப் பையன் சொன்னான் என்று கைத்தொலைபேசியில் ஏதோ ஒன்றில் இரண்டு இலட்சம் போட்டிருக்கிறார். முதல் இரண்டு மாதமும் காசு வந்திருக்கிறது. அதை நம்பி அக்காவிடமும் மச்சானிடமும் வாங்கிப் போட்டிருக்கிறார். பிறகு ஒரு நாள் அந்தச் செயலி திறக்கவில்லை. இப்போது அவர் தீபாவளிக்கும் வீட்டுக்கு வருவதில்லை.

2023இல் மத்திய வங்கி இப்படித் தடைசெய்யப்பட்ட பிரமிட் திட்டங்களின் பெயர்களை வெளியிட்டது. ஒன்மேக்ஸ் டிடி, எம்.டி.எஃப்.இ. என்பவையும் அதில் இருந்தன. வங்கிச் சட்டத்தின் 83சீ பிரிவின்படி இவற்றை நடத்துவது மட்டுமல்ல, ஆள் சேர்ப்பதும் குற்றம்.

ஏன் இது நிற்காது என்பதற்குப் பெரிய படிப்பு வேண்டாம். ஒருவர் ஐந்து பேரைச் சேர்க்க வேண்டும், அந்த ஐவரும் ஆளுக்கு ஐந்து. 5, 25, 125, 625. நாலாவது படியிலேயே ஒரு டிவிசன் ஆட்கள் எல்லாரும் முடிந்தது. பத்தாவது படியில் 97 இலட்சத்துக்கு மேல், பதினோராவது படிக்கு நான்கு கோடி எண்பது இலட்சத்துக்கு மேல் ஆட்கள் வேண்டும். இந்த நாட்டில் மொத்தமாகவே இரண்டேகால் கோடிக்கு உட்பட்டவர்கள்தான் இருக்கிறோம். கடைசியில் சேர்ந்தவர்களின் காசுதான் முதலில் சேர்ந்தவர்களுக்கு "இலாபம்" என்று போனது. வங்கி தருவதைப் போல் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு நிச்சயமாகத் தருகிறேன் என்று யாராவது சொன்னால், அந்த நிச்சயம் என்ற சொல்லிலேயே சந்தேகம் வர வேண்டும். அவரிடம் சண்டை பிடிக்க வேண்டியதில்லை. மத்திய வங்கி அனுமதிப் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று மட்டும் கேளுங்கள்.

பங்கு என்றால் என்ன?

பங்குச் சந்தை என்றால் பணக்காரர் விளையாட்டு என்று நினைக்கிறோம். அது தொடங்கியதே நம் தேயிலையால். கோப்பி நோயால் அழிந்த பிறகு தேயிலைத் தோட்டங்களைத் திறக்கப் பெருந்தொகை முதல் தேவைப்பட்டது. அந்தக் கம்பனிகளின் பங்குகளை வாங்கி விற்க 1896இல் கொழும்பில் பங்குத் தரகர் சங்கம் அமைந்தது. இன்றைய கொழும்புப் பங்குச் சந்தைக்கு அதுதான் வேர். நம் பாட்டன்மார் கொழுந்து எடுத்தார்கள், இலாபம் பங்காகப் பிரிந்து கப்பலேறியது.

பங்கு என்பது கம்பனியின் ஒரு சின்னத் துண்டு. ஒரு கம்பனியில் ஒரு கோடிப் பங்கு இருந்து உங்களிடம் நூறு இருந்தால், அதில் இலட்சத்தில் ஒரு பகுதி உங்களுடையது. இலாபம் வந்து பகிர்ந்தால் உங்களுக்கும் பங்கிலாபம். நட்டம் என்றால் ஒன்றுமில்லை. விலை தினமும் ஏறும், இறங்கும். 2022 ஜனவரியில் பங்குச் சந்தையின் சுட்டெண் 13,000த்தைத் தாண்டி நின்றது. நாடு கடன் கட்ட முடியாது என்று அறிவித்த அந்த ஏப்ரல் மாத முடிவில் 8,000த்துக்கும் கீழே. பயந்து விற்றவர்கள் பாதிக் காசோடு போனார்கள். 2024 முடிவில் அது 15,000த்தைத் தாண்டியது. காத்திருக்க முடிந்தவர்கள் பிழைத்தார்கள். ஆகவே அடுத்த வருடக் கல்யாணக் காசைப் பங்கில் போடக்கூடாது. ஐந்து, பத்து வருடம் தொடாமல் இருக்கக்கூடிய காசு, அதுவும் போனாலும் அடுப்பு அணையாது என்கிற அளவு மட்டும்தான். கணக்கு ஒரு பங்குத் தரகர் மூலம் திறப்பது, 2020 முதல் கைத்தொலைபேசியிலும் திறக்கலாம். ஒரே கம்பனியைத் தெரிவு செய்யத் தெரியாதவர்களுக்கு யூனிட் ட்ரஸ்ட் என்று ஒன்று 1991 முதல் நாட்டில் இருக்கிறது. பலரின் சிறு தொகைகளைச் சேர்த்து அனுபவமுள்ளவர்கள் பல இடங்களில் போடுவது. அது வங்கி வைப்பு அல்ல, மேலே சொன்ன காப்புறுதி அதற்குக் கிடையாது.

மாளிகாவத்தையில் ஒரு பிள்ளை இதைக் கேட்டுவிட்டு, "அப்ப எங்க தாத்தா பொட்டியில இருக்கிற கம்பனிக் கடுதாசி என்னா?" என்று கேட்டார். அவர் கேட்டது நல்ல கேள்வி. 1992இல் ஜனவசமவினதும் அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனத்தினதும் தோட்டங்கள் இருபதுக்கும் மேற்பட்ட பிராந்தியக் கம்பனிகளிடம் கொடுக்கப்பட்டன. 1995 முதல் அந்தக் கம்பனிகளின் பங்குகள் விற்கப்பட்டபோது பெரும்பகுதியைத் தனியார் வாங்கினார்கள், 10 வீதம் ஊழியர்களுக்கு இலவசமாக எழுதப்பட்டது. அதாவது தோட்டத் தொழிலாளி தன் தோட்டத்துக் கம்பனிக்கே பங்காளி ஆனார். யாரும் சரியாக விளங்கப்படுத்தவில்லை. ஏதோ துரை கொடுத்த கடுதாசி என்று பலர் தரகர்களுக்குக் கிடைத்த விலைக்குக் கொடுத்தார்கள். சிலர் அடுப்பு மூட்டியும் இருக்கலாம். இன்னும் சிலருடைய ட்ரங்குப் பெட்டியில், கல்யாணப் போட்டோவுக்கும் பழைய ரேசன் புத்தகத்துக்கும் நடுவில், அது அப்படியே கிடக்கிறது.

பெட்டியைத் திறந்து பாருங்கள். கம்பனியின் பெயர், சான்றிதழ் இலக்கம், பங்கின் எண்ணிக்கை, யாருடைய பெயர் என்று அதில் இருக்கும். கடுதாசியாக இருக்கிற பங்கை அப்படியே சந்தையில் விற்க முடியாது, மத்திய வைப்பகத்தில் ஒரு கணக்குத் திறந்து அதில் சேர்க்க வேண்டும். உரியவர் உயிரோடு இருந்தால் அடையாள அட்டையும் வங்கிக் கணக்கும் இருந்தால் காரியம் சுலபம். இறந்திருந்தால் மரணச் சான்றிதழோடு, உரிமையைக் காட்டும் நீதிமன்றப் பத்திரமும் கம்பனிச் செயலாளர் கேட்கலாம். சான்றிதழ் தொலைந்திருந்தாலும் கம்பனியின் பங்காளர் புத்தகத்தில் பெயர் இருக்கும், செயலாளருக்குக் கடிதம் எழுதி விசாரிக்கலாம். இடையில் அறிவித்த பங்கிலாபம் ஏதும் வாங்கப்படாமல் கிடக்கிறதா என்பதையும் அதே கடிதத்தில் கேளுங்கள்.

யாராவது வீட்டுக்கு வந்து "இது செல்லாத கடுதாசி, ஆயிரம் ரூபா தாரேன்" என்றால் கையொப்பம் வைக்க வேண்டாம். கடிதம் எழுதத் தெரியாதவர்கள் சான்றிதழின் போட்டோப் பிரதியையும் அடையாள அட்டைப் பிரதியையும் எடுத்துக்கொண்டு நலன்புரிக் காரியாலயத்துக்கு வாருங்கள். நாம் எழுதித் தருகிறோம். மூலச் சான்றிதழை எங்களிடம்கூடக் கொடுக்க வேண்டாம், பெட்டியிலேயே இருக்கட்டும்.